கப்பல் விருந்துக்கு ஒரு பச்சைச் சேலை

ஊர்காவற்றுறை
2.8.2024

அன்புள்ள மகள் மேரிசுகந்திக்கு,

கப்பலுக்குப் பயந்து நான் வரமாட்டேன் என்று சொன்னதாக உன் சின்னம்மா நேசம்மா கோவில் வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அது பொய். சோளகக் காற்று அடிக்கிற மாதத்திலேயே நெடுந்தீவுக்கு வள்ளத்தில் போய் வந்தவள் நான். நான் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கப்டன் விருந்துக்கு என்ன உடுப்பது?

என் எண்பதாவது பிறந்தநாளுக்கு நீயும் அண்ணனும் சிங்கப்பூரில் கப்பல் பயணம் ஒழுங்கு செய்தது சந்தோஷம். ஆனால் "வடிவாய் உடுத்துக்கொண்டு வாங்கோ" என்பது பதில் அல்ல. எந்த மேசைக்கு எந்த உடுப்பு என்று கொன்வென்ரில் மதர் எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தார். அப்பா போனபிறகு நான் வெள்ளைதான் உடுக்கிறேன். நேசம்மா சொல்கிறாள், "அக்கா, வெள்ளையோட போனா உங்களைக் கப்பல் நேர்ஸ் எண்டு நினைச்சு மருந்து கேப்பினம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விவரமாக எழுது. போனில் சொன்னால் பாதி எனக்குக் கேட்பதில்லை.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.
அம்மா


ரொறன்ரோ
25.8.2024

என் அன்பு அம்மா,

கப்பல்காரர் அனுப்பியதை வாசித்துவிட்டு எழுதுகிறேன். அந்த இரவுக்குப் பெண்கள் பட்டோ நீளச் சட்டையோ உடுக்க வேண்டும். ஆண்களுக்குக் கோட்டும் ரையும். அரைக் காற்சட்டையோடு போனால் வாசலிலேயே மறிப்பார்களாம்.

வெள்ளை வேண்டாம் அம்மா. அண்ணை தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த பச்சைப் பட்டு அலுமாரியில் கிடக்கிறதுதானே? அதைத்தான் நீங்கள் உடுக்க வேண்டுமாம். பாரிசிலிருந்து போன் எடுத்து, "அம்மா பச்சை உடுத்தாத்தான் நான் ரை கட்டுவன். இல்லாட்டி வீட்டிலை கட்டுற சறத்தோட வந்து கப்டனுக்குப் பக்கத்திலை இருப்பன்" என்கிறார். செய்தாலும் செய்வார்!

குளிருக்கு ஒரு சால்வை வையுங்கோ. குதி உயர்ந்த செருப்பு வேண்டாம், கப்பல் ஆடும்.

உங்கள் மகள்
சுகந்தி


ஊர்காவற்றுறை
16.9.2024

அன்புள்ள சுகந்திக்கு,

பச்சைப் பட்டை நிழலில் காற்றாட விரித்தேன். மடிப்பில் கிழியவில்லை. சட்டை தைக்கக் கொடுத்தேன். கை நீளத்தில் பிழை விட்டதால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு நிறம் உடுக்கலாமா என்று பங்குத்தந்தையிடமும் கேட்டேன். "தாராளமாய் உடுங்கோ அம்மா" என்றார். சறத்தோடு வந்தால் மேசையை விட்டு எழும்பிவிடுவேன் என்று உன் அண்ணன் அன்ரனிதாசுக்குச் சொல்.

அவன் இரண்டு ஞாயிறாக எனக்குப் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடித்தபடியே இருக்கிறது. ஏன் என்று கேட்டு எழுது.

அம்மா


ரொறன்ரோ
4.10.2024

அம்மா,

அண்ணைக்கு வேலை கூட. தொண்டையும் அடைத்துப்போய்க் கதைக்க ஏலாமல் இருக்கிறார். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

பச்சைச் சேலையை விட்டுவிட்டு வாங்கோ. உங்கள் வெள்ளையே போதும். கறுப்பு இருந்தால் அதையும் வையுங்கோ. கப்பலில் எல்லோரும் கறுப்பு உடுக்கிற ஒரு விருந்தும் இருக்கிறதாம்.

சின்னம்மாவும் உங்களோடு வருவா. நான் முதலே சிங்கப்பூருக்கு வந்து விமான நிலையத்தில் நிற்பேன். பிரஷர் குளிசையை மறக்காதையுங்கோ. வீட்டில் தனியே இருக்காதையுங்கோ.

சுகந்தி


ஊர்காவற்றுறை
26.10.2024

மகள் சுகந்திக்கு,

தொண்டை அடைத்தவனுக்குக் கை அடைக்காது. அவன் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நேசம்மா நாலு நாளாய்ச் சோறு சமைத்துக் கொண்டு வருகிறாள். "குசினிக்குள்ளை போகாதையுங்கோ அக்கா, நான் பாக்கிறன்" என்கிறாள். எந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? வள்ளத்தைக் கண்டாலே தலை சுற்றுகிறவள் இப்போது கப்பலுக்குப் பெட்டி அடுக்குகிறாள். ஞாயிறு பூசையில் இறந்தோர் பெயர்களை வாசித்த றஜீபன், என்னைக் கண்டதும் ஒரு பெயரில் தடக்குப்பட்டு, அதை வாசிக்காமல் அடுத்ததுக்குப் போய்விட்டான்.

வயது போன சனத்துக்குப் பிள்ளையின் சாவை எப்படி மறைப்பது என்று எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். எங்கள் ஊர்த் தம்பிஐயாவை நினைத்துப் பார். லண்டனில் மகனுக்குக் கலியாணம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த மனிதர் சரிகை வேட்டியோடு சவப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

கறுப்பு அப்பாவுக்காக முதல் ஒரு வருடம் உடுத்தேன், அதற்குப் பிறகுதான் வெள்ளை. அதைப் பிறந்தநாளுக்கு உடுக்கச் சொல்லி நீ எழுதமாட்டாய்.

முன்பின் தெரியாதவர்கள் விருந்து சாப்பிடுகிற இடத்தில் என் பிள்ளையின் செய்தியை எனக்குச் சொல்ல வேண்டாம். அழ வேண்டுமென்றால் இங்கே அழுவேன், எனக்குத் தெரிந்த சனத்துக்கு நடுவில். அடக்கம் முடிந்துவிட்டதென்றால் அதையும் மறைக்காதே.

போன் எடுக்காதே. நீ அழுவாய், பிறகு லைன் போய்விட்டது என்பாய். அன்ரனிதாஸ் உயிரோடு இருக்கிறானா? பதிலை உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா