எனக்கு ஒரு நோயும் இல்லையாம்

அன்பு மகள் யாம்குமாரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் நல்ல சுகம், இப்போது என் குறையே அதுதான். சைப்ரஸில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

எதிர்வீட்டு தில்சரா காட்மாண்டு போய் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், கத்தாரிலிருந்து மகன் லீவு போட்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனான், பித்தப்பையில் கல்லாம். ஊரே ஆரஞ்சும் மாதுளையும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறது, அவளும் அந்தக் கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கல்யாணப் பெண்ணைக் காட்டுவது போல் அந்தக் கல்லைக் காட்டுகிறாள். போன மாதம் நானும்தான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன், நம் சுகாதார நிலையத்தில் சும்மா கொடுத்த மாத்திரையிலேயே சரியாகிவிட்டது, அதனால் ஒரு வாழைப்பழம்கூட என்னைத் தேடி வரவில்லை.

பொறுக்கமாட்டாமல் பஸ் ஏறி பொக்காராவில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னம்மா பண்ணுது என்று டாக்டர் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "எம் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா டாக்டர்" என்றேன். மனிதர் வேறொன்றும் கேட்கவில்லை, ரத்தம், ஸ்கேன், இதயப் பரிசோதனை என்று எழுதித் தள்ளிவிட்டார். கூரைத் தகரம் மாற்ற நீ அனுப்பிய பணம் அதோடு போயிற்று, திட்டாதே. கடைசியில் ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்றார்கள். வெறுங்கையோடு எப்படி ஊருக்குள் நுழைவது, கெஞ்சி ஒரு டானிக் எழுதி வாங்கிக்கொண்டேன். என் ஸ்கேன் படத்தைத் தில்சராவிடம் காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையேக்கா" என்கிறாள் பாவி, அதையும் சிரித்துக்கொண்டே.

அவள் கிடக்கட்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் வயிற்றெரிச்சல் அவள் மேல் மட்டுமில்லை. அங்கே சம்பளத்துக்கு நீ பார்த்துக்கொள்கிறாயே அந்தக் கிழவி, போட்டோவில் பார்த்தேன், நீ அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாய். அவளுக்கும் நோய் என்று எதுவும் கிடையாது, வயசுதான் என்று நீயே சொன்னாய். எனக்கும் வயசாகிறது யாம்குமாரி.

குளிரில் ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, அவளைத் தனியாகத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தசைன் பண்டிகைக்கு நெற்றியில் வைக்க அரிசி டீக்கா குழைக்கும்போது உன் நெற்றியை நினைத்துக்கொண்டுதான் குழைப்பேன், நூறு வயசு இரு. லீவு தர மாட்டார்கள் என்பாய், அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று சொல்லிக் கேட்டுப் பார். ரிப்போர்ட்டை இனி நான் யாருக்கும் காட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா