மீனாட்சியம்மாளின் பத்தியம்

5-7-1953
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்க ஆளில்லாததால் இதில் எழுதுகிறேன். என் மனைவி மீனாட்சிக்கு ஆறு நாளாக மலம் போகவில்லை. வயிறு கல்லாகக் கிடக்கிறது. அவள் தம்பி டாக்டர் பூதலிங்கம் நாகர்கோவிலிலிருந்து வந்து பத்தியத்தை இன்னும் இறுக்கிவிட்டுப் போனான். மில்லில் தீட்டிய வெள்ளை அரிசிக் கஞ்சி, அதையும் வடிகட்டி. பால், ஆரோரூட் மாவுக் கூழ். கீரை கூடாது, கிழங்கு கூடாது, தோலுள்ள பயறு கூடாது. "நாரு குடலை உரசிப் புண்ணாக்கும் அக்கா" என்றான்.

என்னிடம் அவன் ஒரு சொல் பேசவில்லை. நானும் எட்டு வருடமாகப் பேசுவதில்லை. அவன் கல்யாணத்தில் மூத்த அத்தானாகிய என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தான். மறப்பேனா?

7-7-1953
பேதி உப்பு கொடுத்தோம். தண்ணீராகப் போயிற்று. அவ்வளவுதான்.

11-7-1953
மறுபடி அடைப்பு. டாக்டர் திருவனந்தபுரம் போயிருக்கிறான், பத்து நாளாகுமாம்.

நெல் குத்த வந்த செல்லக்கனி, புடைத்த தவிட்டைப் பசுவின் தொட்டியில் கொட்டிவிட்டுச் சிரித்தாள். "இந்தப் பசு ஒரு நாளாவது வெளிக்குப் போக முக்கியிருக்கா சாரே? சத்தையெல்லாம் இதுக்குப் போட்டுட்டு அக்காளுக்கு வெறும் வெள்ளையைக் குடுக்கியோ."

இருபது வருடம் பள்ளியில் உடற்கூறு நடத்தியவன் நான். குடல் தள்ள வேண்டுமானால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா? வடிகட்டிய கஞ்சியில் எதைப் பிடித்துத் தள்ளும்? இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை?

14-7-1953
தீட்டாத சம்பா அரிசிச் சோறு. கொஞ்சமாக வாழைத்தண்டு, முருங்கைக்கீரை. செம்பு செம்பாகத் தண்ணீர். பயந்து பயந்துதான் சாப்பிடுகிறாள்.

18-7-1953
போயிற்று. சிரமமில்லாமல். குளித்துவிட்டு வந்து தலை சீவிக்கொண்டாள்.

19-7-1953
இன்றும்.

22-7-1953
பூதலிங்கம் வந்துவிட்டான். அடுக்களையில் வாழைத்தண்டைப் பார்த்திருக்கிறான். "யாரு அக்கா இதைத் தந்தது? அத்தானா? உன்னைக் கொல்லதுக்கா?"

நான் அடுத்த அறையில் இருந்தேன். எழுந்து போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அவன் பத்தியம்தான் அடைப்புக்குக் காரணம் என்று அவன் போன பிறகு மீனாட்சியிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "அவன் டாக்டரு. உங்களுக்கு அவன் மேல உள்ள கறுவுல என்னத்தையோ சொல்லுகீய. அவன் முகத்தைப் பாத்து ஒரு நாளு பேசுங்க, பொறவு நம்புகேன்."

பழைய பந்திக் கறுவுதானா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாள் பொய்யில்லையே.

30-7-1953
மறுபடி வடிகட்டிய கஞ்சி. போகாமல் ஐந்து நாள்.

4-8-1953
பத்து நாள். பேதி உப்புக்கும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துப் பார்க்கப் போகிறார்களாம். அவள் சரி என்றுவிட்டாள். தம்பி சொன்னால் சரி.

5-8-1953
பூதலிங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அவள் என்ன தின்றாள், எந்தத் தேதியில் போயிற்று, எல்லாம். பந்தியைப் பற்றி நாலு வரி எழுதி, அடித்து, புதுத் தாளில் மறுபடி எழுதினேன். அடியில் 'அத்தான்' என்று போட வேண்டும். கை போகவில்லை. அவள் இப்படிக் கிடக்கும்போதும் போகவில்லை.

பெயர் போட்டால் கறுவு என்பான். போடாவிட்டால் மொட்டைக் கடுதாசி என்று கிழிப்பான். அவள் கேட்டது நான் நேரில் பேசுவதை. அது என்னால் ஆகாது.

காலைத் தபாலில் போட்டுவிடுகிறேன். பெயரில்லாமலே.