பாதர்ஸ்ட் மலையில் தம்பி

2.4.92, வியாழன்
வடாம் பாதிதான் காய்ந்தது. மளிகைக் கணக்கு முடித்தேன். துவரம்பருப்பு கம்மி.

சாயங்காலம் எஸ்.டி.டி. கடை கஸ்தூரி வந்து, "உங்க தம்பி ஆஸ்திரேலியாலேர்ந்து லைன்ல இருக்காரு" என்றாள். கலையரசன் வேலை செய்யும் மெக்கானிக் ஷெட் முதலாளி, ஈஸ்டர் ஞாயிறன்று பாதர்ஸ்ட் என்ற ஊரில் கார் பந்தயத்தில் ஓட்டுகிறாராம். பந்தயத்துக்கென்று செய்த வண்டி இல்லை, கடையில் விற்கிற சாதாரண கார்தான். பன்னிரண்டு மணி நேரம், ஆள் மாற்றி ஆள். ஒருவருக்குக் கை ஒடிந்துவிட்டது. அந்த இடத்தில் இவன்.

"வினோதினிகிட்ட மூச்சு விடாத அக்கா. எட்டாம் மாசம்."

போளூர் ரோட்டில் லாரியை முந்தப் போய் விழுந்து, காலில் கம்பி வைத்துக்கொண்டவன். மறந்துவிட்டானா? அவன் பெண்டாட்டிக்குத் தாய்வீடு இல்லை, பிரசவம் என் பொறுப்பு. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறைப்பேன்?

4.4.92
ரசத்தில் இரண்டு தடவை உப்பு.

10.4.92, வெள்ளி
மறுபடி பேசினான். பாதை மலையில் ஏறி இறங்கி ஒரு சுற்றாம். வலமா இடமா என்று கேட்டேன்.

"இடம்தான். அது சாமி மலை இல்ல அக்கா."

மலை மலைதானே.

இறங்கும்போதுதான் பயமாம். "வண்டி வெயிட் ஜாஸ்தி. மிதிச்சு மிதிச்சு பிரேக் தீஞ்சிடும். அப்புறம் நிக்காது."

கிரிவலத்தில் நிறைமாத ராணியைப் போல அடி எடுத்து வைக்க வேண்டும் என்பார்கள். அதைத்தான் சொன்னேன். "நிறைமாசக்காரி மாதிரி இறங்குடா."

"பின்னால வர்றவன் ஆரன் அடிப்பான்."

"அடிக்கட்டும்."

17.4.92, வெள்ளி
நேற்று சித்ரா பௌர்ணமி. ரோடே தெரியாத கூட்டம். கொஞ்ச தூரமாவது வருவேன் என்று வினோதினி பிடிவாதம் பிடித்தாள். செங்கம் ரோட்டில் போகும்போது, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை அவரு ரேஸ் ஓட்றாரே, தெரியுமா அண்ணி?"

எனக்குக் கால் நின்றுவிட்டது.

"எனக்கும் போன்ல சொன்னாரு. அக்காவுக்கு பிரஷர், சொல்லாதன்னாரு."

"திருட்டுப் பய."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் என் கையைப் பிடித்தாள். ஆட்டோ ஏற்றிவிடும்வரை விடவில்லை.

19.4.92, ஞாயிறு
நமக்கு மதியம் ஆகும்போது பந்தயம் முடியும், உடனே கூப்பிடுகிறேன் என்றிருந்தான். கஸ்தூரி கடையிலேயே உட்கார்ந்தோம். மணி அடிக்கும்போதெல்லாம் வினோதினி எழுந்தாள். லாட்ஜில் ரூம் கேட்டு ஒன்று. எண்ணெய் மண்டிக்கு ஒன்று.

"குந்து தாயி. ஒனக்குன்னா நானே கூப்புடறேன்" என்றாள் கஸ்தூரி.

இருட்டும்வரை வரவில்லை. அவன் தந்த நம்பருக்குப் போட்டோம் — அடிக்கிறது, எடுப்பாரில்லை.

20.4.92
இல்லை. வினோதினி காப்பி கூடக் குடிக்கவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் மலை சுற்றக் கிளம்பினேன். அடி அண்ணாமலை தாண்டியதும் — இந்நேரம் போன் வந்திருக்குமோ? ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். மலையை வைத்துக்கொண்டு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. "இன்னாமா, யாருக்கு இன்னா?" என்று பூக்காரி கேட்டாள்.

போன் வந்திருக்கவில்லை.

இன்று கணக்கு எழுதவில்லை.

21.4.92, செவ்வாய்
கலை பேசினான்.

கடைசி முறை அவனுடையதாம். முன்னால் ஓட்டியவர் விரட்டி விரட்டி பிரேக்கைத் தீய்த்துக் கையில் கொடுத்திருக்கிறார். "நீ சொன்ன மாதிரிதான் எறங்கினேன் அக்கா. கியரைக் கொறச்சுக்கிட்டு, அடி அடியா. எல்லாரும் முந்திட்டுப் போனாங்க. கடைசிக்கு முன்னாடி வந்தோம். ஆனா வந்துட்டோம்." வண்டியை இழுத்துக்கொண்டு ஊர் சேர ஒரு நாள் ஆனதாம். அப்புறம் தூங்கிவிட்டானாம்.

வினோதினி ரிசீவரை வாங்கினாள். "தூங்கினீங்களா?" என்றாள். அதற்குமேல் அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. கஸ்தூரி எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

நான் ஓடியதை அவனிடம் சொல்லவில்லை.

17.5.92, ஞாயிறு
வினோதினிக்கு நாள் நெருங்கிவிட்டது. கலை புதன்கிழமை வருகிறான்.

நேற்று பௌர்ணமி. அவள் சமையலறையிலிருந்து வாசலுக்கு நடந்து வருவதைப் பார்த்துவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். சுற்று முழுக்க அதே நடை. அடி அண்ணாமலையில் இன்னும் மெதுவாக. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் முந்திப் போனார்கள்.

போகட்டும்.