பள்ளிக்கு எதிர்ச்சுவர்

இன்று விடிவதற்கு முன்பே எழுந்து மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன். கிளறக் கிளற அந்த வெந்த மாவு வாசனை வீடு முழுக்கப் பரவியது. அம்மா பாயில் படுத்தபடியே கேட்டாள்.

“இன்னாடி, கஞ்சியா?”

“பசைம்மா.”

“இந்த வருசமுமா?” என்றாள். பிறகு எழுந்து வந்து, கட்டி தட்டாமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

இந்த வாசனை வந்தாலே உன் ஞாபகம்தான். உயிரோடு இருந்தபோது உன்மேல் வீசியதெல்லாம் பவுடரும் சாக்பீஸும்தான்.

கொரோனா நேரத்தில் பத்தாம் வகுப்புக்கு மட்டும் பள்ளியைத் திறந்து, நாம் இருவரும் பாடம் நடத்தப் போன நாட்களை நினைத்துக்கொள்கிறேன். ராயபுரத்தில் நான் ஏறும் ஷேர் ஆட்டோவில் காசிமேட்டில் நீ ஏறுவாய். திருவொற்றியூர் வரை உன் பேச்சு ஓயாது. “மாஸ்க்கால ஒரு லாபம்டி. கிளாஸ்ல கொட்டாவி வுட்டா ஒருத்தனுக்கும் தெரியாது.” பள்ளி திறந்ததில் உன்னைவிட மகிழ்ந்தவர் யாருமில்லை. போனில் பாடம் நடத்தியபோது உன் வகுப்பில் பாதிப் பேருக்குப் போனே கிடையாது. அவர்கள் முகத்தைப் பார்க்கத் தவித்தாய். திறக்கக் கூடாது என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. விடுப்புக் கேட்டுப் போன் செய்தாய். தாளாளர் சொன்னதை ஆட்டோவில் அவர் குரலிலேயே எனக்கு நடித்துக் காட்டினாய். “அதிகாரிங்க பார்க்க வர்ற நேரத்துல கணக்கு டீச்சர் இல்லன்னா எப்படி மேடம்? ஒரு மாத்திரை போட்டுட்டு வந்துடுங்க. வரலைன்னா அப்புறம் வரவே வேணாம்.”

பள்ளி வாசலில் வாட்ச்மேன் உன் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பிடித்தார். எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளாளரைப் பார்த்தார். “வெயில்ல வந்திருக்காங்க. ஆபீஸ் ரூம்ல ஏசிக்குக் கீழ உக்கார வெச்சு மறுபடி பாரு” என்றார் அவர்.

முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாய். “நான் இன்னா வஞ்சிரமாடி, ஐஸ்ல போட்டு வெச்சிகிறாங்க?” என்றாய். இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் மாத்திரையும் ஏசியும் வேலை செய்தன. கருவி காய்ச்சல் காட்டவில்லை. நீ வகுப்புக்குப் போனாய். மறுநாளும் அதே நாற்காலி. அதற்கு அடுத்த நாளும்.

“இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று, மூச்சு முட்டி உன்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, “இஸ்கூலுக்குப் போய்னு இருந்துச்சி சார்” என்றார் உன் நைனா.

உன்னைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோனார்கள். பறை இல்லை, பூ இல்லை. நம் தெருக்களில் யார் செத்தாலும் மறுநாளே சுவரில் முகம் வந்துவிடும். அந்தப் போஸ்டர்கூட உனக்கு இல்லை.

அடுத்த வாரம் போனில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உன் நைனா என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “பாவம், அவங்க இருக்கற ஏரியா அப்படி. மீன் மார்க்கெட் கூட்டம்” என்றார் தாளாளர். காசிமேட்டுப் படகுத்துறையில், அந்த வார்ப்பில், அத்தனை படகுச் சத்தத்தையும் மீறி மீன் ஏலம் விட்ட மனுஷன், என்னிடம் கிசுகிசுப்பாகக் கேட்டார். “அப்ப எங்க வூட்டாலதான் அது செத்துச்சா?”

நோய் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது. காய்ச்சலில் இருந்த உன்னை யார் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் என்று தெரியும். புகார் எழுதிக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வேலையை விட்டேன். அவரை மட்டும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும், புதுச் சேர்க்கை தொடங்கும் நாளில், நானும் உன் நைனாவும் பள்ளிக்கு எதிர்ச்சுவரில் உன் முகத்தைப் போஸ்டராக ஒட்டுகிறோம். கீழே இரண்டே வரி. ‘காய்ச்சல் என்று சொன்ன பிறகும் பள்ளிக்கு வரவழைக்கப்பட்ட எங்கள் கணக்கு டீச்சருக்குக் கண்ணீர் அஞ்சலி. வரவழைத்தவர் நலமாக இருக்கிறார்.’

முதல் வருடம் தாளாளர் வாட்ச்மேனைக் கிழிக்கச் சொன்னார். “செத்தவங்க மூஞ்சியக் கிழிக்கச் சொல்றியா சார்? நீயே கிழிச்சிக்கோ” என்றார் வாட்ச்மேன். பெற்றோர்கள் வரிசையில் பார்த்துக்கொண்டிருக்க, தாளாளர் எப்படித் தன் கையால் கிழிப்பார்?

இன்று வரிசையில் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, “இன்னா எழுதிகீது நைனா?” என்று கேட்டாள். உன் நைனா பசைக் கையைத் துடைத்துக்கொண்டு, ஏலக் குரலில், தெரு முழுக்கக் கேட்க இரண்டு வரியையும் படித்தார். வரிசையிலிருந்து இரண்டு பேர் நழுவிப் போனார்கள்.

தாளாளர் வெளியே வந்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். “இன்னும் எத்தனை வருஷம் மேடம்? மனசுல இவ்வளவு வெச்சுக்கக் கூடாது.”

“உங்க உடம்பு நல்லா இருக்கில்ல சார்? அது வரைக்கும்” என்றேன்.

திரும்பும் வழியில் நைனா, வருடா வருடம் கேட்பதைக் கேட்டார். “நம்ம வூட்டால இல்லல்ல?”

“இல்ல நைனா.”

நீ இருந்திருந்தால், “வுடுடி, பேஜாரு” என்றிருப்பாய். சண்டை போட்ட அன்றே சமாதானமாகிவிடுகிறவள் நீ. உன் பங்கை நீ மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் இயேசு கற்றுத்தந்த ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். ‘பிறரை நாங்கள் மன்னிப்பது போல’ என்று வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அம்மா முழங்கையால் இடிக்கிறாள். நான் திறப்பதில்லை. கோயில் முழுக்க அந்த வரியைச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன்.