நின்ற பம்பும் அப்பாவின் கையும்

அன்பு மகள் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகம்தானே, வேளைக்குச் சாப்பிடு. இங்கே நாங்கள் சுகம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

அப்பா குளியலறைக் கதவில் கையை நசுக்கிக்கொண்டார் என்று போனில் சொன்னாரே, அது பச்சைப் பொய். அவர் வேலை பார்க்கிற எண்ணெய்க் கிணற்றுப் பம்பின் பெல்ட்டில்தான் மாட்டியது. இரண்டு விரல் போய்விட்டது. கிணறு வற்றிய பிறகும் பம்ப் சும்மா ஓடிக் கரண்டைத் தின்கிறது, எண்ணெய் ஊறும்வரை தானாக நிற்கட்டும், ஊறியதும் தானாகக் கிளம்பட்டும் என்று நீதானே தலைமை ஆபீசில் உட்கார்ந்து ஏற்பாடு செய்தாய்? நல்ல ஏற்பாடுதான், எண்ணெயும் கூடியிருக்கிறதாம், கேன்டீன் சுவரில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள், இந்த மனுஷர் தினமும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஆனால் இத்தனை வருஷமாக இங்கே வேலை பார்க்கிறவர்களுக்குப் பம்ப் நின்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நின்றிருந்ததே என்று பெல்ட்டை மூடியிருக்கும் கூண்டைத் திறந்து அது தளர்ந்திருக்கிறதா என்று கை வைத்திருக்கிறார், பம்ப் கிளம்பிவிட்டது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டாமா என்று அவரையும் விடாமல் திட்டிவிட்டேன். தம்பிதான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறான், மாப்பிள்ளை மாதிரி நிற்கிறீர்களே என்று கேலி வேறு, இவரும் சிரிக்கிறார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபீசிலும் கதவு என்றே சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், பிள்ளை பேர் கெட்டுவிடும், பதவி உயர்வு வரும் நேரம் என்கிறார். உன் பேர் என்னடி பெரிய பேர்? அடுத்த மாதம் மற்றக் கிணறுகளுக்கும் உன் ஏற்பாட்டையே மாட்டப் போகிறார்களாம். அங்கேயும் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். கிளம்பும் முன் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு மணி அடிக்கட்டும், கூண்டைத் திறந்தால் கிளம்பவே கூடாது. இதை நீயே வாய் திறந்து சொல். இந்த வாரம் பார்ப்பேன், இல்லையென்றால் நானே ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். பதவி போனால் போகட்டும், வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன்.

கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். வழக்கமாக அப்பா கடைசியில் ஒரு வரி எழுதுவாரே, அதைத் தேடாதே. போனது வலது கை விரல்.

உன் அம்மா