வெள்ளைச்சியின் பால்

ஸ்கந்தபுரம், சனிக்கிழமை இரவு.

இப்படித்தான் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். கனடாவில் வளர்ந்த பிள்ளை எங்கள் பாலைத் தொடாது என்று நேற்றே மனைவியிடம் சொன்னேன்.

தம்பியின் மகள் வந்திருக்கிறாள். தம்பி எனக்கு வாங்கித் தந்த பசுதான் வெள்ளைச்சி. விடியற்காலையில் அதை நானே கறந்தேன். செம்பு நிறைந்து வழிந்தது. இந்த ஊரில் வேறு எந்த மாடும் அப்படிச் சுரக்காது. நுரை பொங்கத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

"பெரியப்பா, எனக்கு மாட்டுப்பால் வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது."

மனைவி சொதிக்குப் பிழிந்த தேங்காய்ப்பாலில் கொஞ்சம் எடுத்துத் தேத்தண்ணீரில் விட்டாள். சொதியைக் கோப்பையில் குடிப்பதா என்று சிரித்தேன். பிள்ளை இரண்டாம் கோப்பையும் கேட்டாள். எனக்குத்தான் கசந்தது.

"வெள்ளைச்சியைக் காட்டுங்கோ பெரியப்பா. அப்பாவுக்குப் படம் அனுப்பவேணும்."

"அது மேயப் போயிட்டுது, பிள்ளை."

"அதுக்கென்ன, நாளைக்குப் பெரியப்பா கறக்கேக்கை நீயும் எழும்பிப் பாரன்," என்றாள் மனைவி, என் முகத்தைப் பாராமல்.

பிள்ளை அலாரம் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். வெள்ளைச்சியைப் போன மாரியிலேயே விற்றுவிட்டேன். தம்பிக்குச் சொல்லவில்லை. காலையில் நான் கரைத்தது கடையில் வாங்கிய பால்மா. அதையும் அவள் குடிக்கவில்லை.