ஐந்தாவது பிரிப்பு

மார்ச் 4
அண்ணனுக்கு உள்ளங்கையிலும் தோல் உரியத் தொடங்கிவிட்டது. போன வருடம் என் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்து ரத்தப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று தலைகால் புரியாமல் ஆடினேன். அதில் பிறந்த வெள்ளணுக்கள் இப்போது அவன் உடம்பையே அந்நியம் என்று தாக்குகின்றன. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. நான் கொடுத்ததுதான் அவனைத் தின்கிறது.

மார்ச் 9
டாக்டர் கடைசி வழி ஒன்று சொன்னார். கொழுப்பிலிருக்கும் ஸ்டெம் செல்களை வளர்த்து ஏற்றினால் அந்த வெள்ளணுக்களை அவை அடக்கலாமாம். "யாரோட கொழுப்பா இருந்தாலும் பரவாயில்ல." முந்திக்கொண்டு என் வயிற்றைக் காட்டினேன். அண்ணன் சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. "இத்தனை வருஷம் உன் தொப்பையக் கிண்டல் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ."

வளர்ப்பது நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில்தான், என் கையால்தான். எங்கள் தலைமை அக்கா தடுத்தார்: "சொந்தக்காரங்கன்னா கை தடுமாறும்டி." நான் கேட்கவில்லை.

மார்ச் 23
நன்றாக வளர்கின்றன. தட்டு நிறைந்ததும் பிரித்துப் புதுத் தட்டுகளுக்கு மாற்றுகிறேன். ஐந்து முறைதான் பிரிக்கலாம். அதற்கு மேல் போனால் செல்கள் கிழடாகிவிடும்; உயிரோடு இருக்கும், அடக்கும் வேலைக்கு உதவாது.

ஏப்ரல் 5
ஐந்தாவது பிரிப்பு. பாதித் தட்டுகளில் பூஞ்சை! மறுபடி முதலிலிருந்து வளர்க்க நான்கு வாரம். அண்ணனுக்கு ஏது நான்கு வாரம்?

ஏப்ரல் 13
மிச்சத்தை இன்னும் இரண்டு முறை பிரித்தேன். டாக்டர் கேட்ட எண்ணிக்கை சேர்ந்துவிட்டது. ஆய்வக ஏட்டில் ஐந்து முறை என்றே எழுதினேன். உயிரோடுதானே இருக்கின்றன? — தெரியும். எனக்கு நல்லாவே தெரியும்.

ஏப்ரல் 14
ஏற்றினார்கள். அண்ணி என் கையை விடவே இல்லை.

ஏப்ரல் 22
குடலிலும் ரத்தம் கசிகிறது; நிற்கவில்லை. "உன் செல்லும் உன்ன மாதிரி சோம்பேறிதான்" என்றான். பூஞ்சை தொடாத பாதியை அன்றே கொடுத்திருக்கலாம். என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி கொடுக்கல? கொடுக்க என்ன கேடு?

ஏப்ரல் 27
அண்ணன் போய்விட்டான்.

மே 8
அதே வார்டில் இன்னொரு பெண்ணுக்கு அதே நோய். "உங்கண்ணனுக்கு நல்ல செல்லுக்கே நோய் கேக்கல. இவங்களையும் எதுக்கு வீணா அலைக்கழிக்கணும்?" என்று டாக்டர் கைவிடப் பார்த்தார்.

ஏட்டைத் திறந்து, ஐந்தை அடித்து ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "வேலை போயிடும்டி" என்றார் அக்கா. நானே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டாரைக் கூப்பிடச் சொன்னார்.

அங்கிருந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அண்ணி என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டு தடவ தன் உடம்பையே எடுத்துக் கொடுத்தா. எந்தத் தங்கச்சி செய்வா?" என்னைப் பார்த்ததும் சாப்பிட உட்காரச் சொன்னார்.

சாப்பிட்டேன். சொல்லவில்லை.